ஸ்க்ராம்பிள் முதல் தரையிறக்கம் வரை: போர்விமான சிமுலேட்டரில் நம்பகம் எங்கே உடைகிறது? ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பறப்பு இது. 1940 ஆகஸ்ட் நடுப்பகுதி. தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த பிரிட்டிஷ் விமானப்படையின் 11வது குரூப்பில் பிகின் ஹில் செக்டர், அதாவது அதன் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி. 12 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 விமானங்களுடன் ஒரு ஸ்குவாட்ரன், டோவர் பக்கம் வரும் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களை மறிக்க அவசரமாகக் கிளம்புகிறது. இந்த அவசரக் கிளம்பலுக்குத்தான் ‘ஸ்க்ராம்பிள்’ என்று பெயர். குறிப்பிட்ட ஒரு நாளின் பதிவு அல்ல, அந்த மாதத்தின் வழக்கமான பறப்பு. தரையை விட்டு எழுந்து மறுபடி தரை தொட ஒரு மணி நேரத்துக்குள் ஆகும். அதில் சண்டை என்று சொல்லத்தக்கது சில நிமிடங்கள்தான்.

சிமுலேட்டர்களில் பெரும்பாலானவை அந்தச் சில நிமிடங்களுக்காகவே செய்யப்படுகின்றன. இறக்கையில் ரிவெட் தெரிகிறது, கடலில் அலை நுரைக்கிறது, ஆனாலும் ஆடுபவர் ஒன்றிப்போவதில்லை. காரணம், அவருக்கு எல்லாம் தெரிகிறது, எதுவும் தீர்ந்துபோவதில்லை. அசல் விமானிக்கு முக்கால்வாசி தெரியாது. எரிபொருள், தோட்டா, ஆக்சிஜன், இன்ஜினின் பொறுமை என்று கையில் இருந்த எல்லாமே வற்றிக்கொண்டிருந்தது. ஆகவே இந்தப் பறப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: இந்த அம்சம் ஆடுபவரை எந்த முடிவை எடுக்க வைக்கிறது? எந்த முடிவையும் கோராத அம்சம் வெறும் அலங்காரம்.

தரையில்

‘ரெடினெஸ்’ நிலையில் இருந்த ஸ்குவாட்ரன் ஆணை வந்த 5 நிமிடத்துக்குள் மேலே இருக்க வேண்டும். ‘ஸ்டாண்ட்பை’ என்றால் விமானிகள் காக்பிட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள், 2 நிமிடம். இந்த அவசரத்துக்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. டோவர் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் 21 மைல். மணிக்கு 200 மைல் வேகத்தில் வரும் குண்டுவீச்சு விமானம் அதை ஆறு நிமிடம் சொச்சத்தில் கடந்துவிடும். ரேடார் கண்ட புள்ளி, தகவல்களைச் சலித்துச் சரிபார்க்கும் ஃபில்டர் அறை, குரூப், செக்டர் என்று மேசை மேசையாக நகர்ந்து வரவே சில நிமிடம் போய்விடும். ஸ்பிட்ஃபயர் தனியாகச் சோதனையில் 20,000 அடியை 8 நிமிடத்துக்குள் எட்டியது. ஆனால் 12 விமானங்கள் கிளம்பி, அணி சேர்ந்து, கூட்டாக ஏற 13 நிமிடம் போல ஆகும்.

சிமுலேட்டர் இந்தத் தாமதத்தை அப்படியே வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. எதிரி திரளின் இடத்தை நேரடியாக ஆடுபவருக்குத் தராமல், 4 நிமிடம் பழைய தகவலை, உயரத்தில் சில ஆயிரம் அடி பிழையோடு, எண்ணிக்கையில் பிழையோடு தர வேண்டும். பிரிட்டனின் கரையோர ரேடார் வலையான செயின் ஹோமுக்கு உயரக் கணிப்பு பலவீனம். அது கடலை நோக்கியே பார்த்தது. கரையைத் தாண்டி உள்ளே வந்த திரளை தரையிலிருந்து வானைக் கண்காணித்த அப்சர்வர் கோர் ஆட்கள் கண்ணாலும் காதாலும்தான் தொடர்ந்தார்கள். ஆகவே எதிரி கரையைக் கடந்ததும் தகவலின் தன்மையே மாற வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் உயரக் கணிப்பு தேறும். மேகம் மூடினால் ‘மேகத்துக்கு மேலே இன்ஜின் சத்தம்’ என்பதோடு நின்றுவிடும்.

காக்பிட்டில் எல்லாச் சுவிட்சையும் சொடுக்க முடிவதைப் பெரிய சாதனையாக விளம்பரப்படுத்துகிறார்கள். இன்ஜினைக் கிளப்பும் 20 படிகளை மனப்பாடம் செய்து மூன்றாவது தடவை செய்யும்போது அது சடங்காகிவிடுகிறது. ஸ்பிட்ஃபயரில் தரைக்கட்டத்தின் உண்மையான நெருக்கடி வேறு: ரேடியேட்டர் வலது இறக்கைக்கு அடியில் இருந்தது, கீழிறங்கிய சக்கரக் கால் அதன் காற்றை மறைத்தது. தரையில் ஓடும் இன்ஜின் சீக்கிரம் கொதித்துவிடும். முன்னால் போகும் விமானம் தாமதித்தால் கூலன்ட் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். வரிசையை உடைத்துக் கிளம்புவதா, இன்ஜினை அணைப்பதா என்று ஆடுபவர் முடிவெடுத்தாக வேண்டும். இந்த ஒன்று, சொடுக்கும் சுவிட்சுகள் அத்தனைக்கும் சமம்.

மேலெழுந்த உடனே இன்னொன்று. சக்கர லீவர் வலப்பக்கம். இடது கையை, இன்ஜின் திறனைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலிருந்து எடுத்து, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் லீவரை இயக்க வேண்டும். தொடக்ககால மார்க் 1 விமானங்களில் கைப்பம்பை அடித்துத்தான் சக்கரம் உள்ளே போகும். ஒரு கை பம்பு அடிக்கும்போது ஸ்டிக் பிடித்த கையும் கூடவே ஆடியதால் புதிய விமானிகள் அலைபோல மேலும் கீழுமாகப் பறந்து போனார்கள். சிமுலேட்டரில் சக்கர லீவரை இயக்கும் நேரம் முழுக்க த்ராட்டில் உள்ளீட்டை முடக்கி வைத்தால் போதும், கை மாற்றும் சங்கடம் வந்துவிடும்.

ஏற்றமும் ரேடியோவும்

அந்த மாதம் பெரும்பாலான ஸ்குவாட்ரன்களிடம் இருந்தது டிஆர்9டி என்ற உயர் அதிர்வெண் ரேடியோ. தரையோடு 35 முதல் 40 மைல் வரை பேசலாம். விமானத்துக்கு விமானம் 5 மைல்தான். கரகரப்பு, குரல் தேய்வு, ஒருவர்மேல் ஒருவர் பேசுவது எல்லாம் சாதாரணம். சிமுலேட்டர் ரேடியோக்களில் குரல் ஸ்டுடியோவில் பதிந்ததுபோலத் தெளிவாக வருகிறது. கரகரப்பு என்று பெயருக்கு ஒரு ஒலி பின்னணியில் ஓடும். அதற்கு மேல் நான்கு விதிகள் வேண்டும்: தூரத்தோடு குரல் தேய வேண்டும், ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இரண்டும் கெட வேண்டும், குறைந்த உயரத்தில் தரைத்தொடர்பு அறுபட வேண்டும், ‘பிப்-ஸ்க்வீக்’ ஓடும்போது பேச்சு முடங்க வேண்டும். கடைசியானது நம் ஆட்களைத் தரையிலிருந்து கண்டறியும் ஏற்பாடு. பொருத்தப்பட்ட விமானத்தின் ரேடியோ நிமிடத்துக்கு 14 விநாடி தானாக ஒலிபரப்பும், அந்த 14 விநாடி அந்த விமானி பேச முடியாது. எச்சரிக்க வாய் திறக்கும் நேரத்தில் ரேடியோ கைவிடுவது எழுத்தாளர் திட்டமிட்ட நாடகம்போல இருக்கும். ஆனால் வெறும் கடிகாரச் சுழற்சி.

ஆக்சிஜன் பற்றிச் சுருக்கமாக. ஸ்பிட்ஃபயர் விமானி உயரத்துக்கு ஏற்ப அளவைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். மறந்தால் 25,000 அடியில் செயல்திறனோடு இருக்கும் நேரம் 3 முதல் 5 நிமிடம். இதைத் திரையின் ஓரம் கறுப்பாவதாகக் காட்டுவது தவறு. ஆக்சிஜன் குறைந்தவருக்குத் தான் குறைந்திருப்பதே தெரியாது, உற்சாகமாகக்கூட இருக்கும். நிறங்களை மெதுவாக வெளிறச் செய்யுங்கள், ரேடியோவில் ஓரிரு சொற்களை விழுங்குங்கள், கட்டுப்பாடுகளுக்கு கால் விநாடி தாமதம் கொடுங்கள். எந்த எச்சரிக்கையும் வேண்டாம்.

கண்

அதிகம் சண்டை நடக்கும் தலைப்பு இதுதான். வானில் அல்ல, ஆடுபவர்களுக்குள். எதிரிமேல் பெயரும் தூரமும் எழுதிய ஐகான் வைத்தால் எல்லாம் செத்துவிடுகிறது. எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. இரண்டு பக்கமும் சொல்வது சரி, ஏனென்றால் சிக்கல் திரையின் கணக்கில் இருக்கிறது.

ஜெர்மன் போர்விமானமான பிஎஃப் 109இ-யின் இறக்கை அகலம் 9.9 மீட்டர். 3 கிலோமீட்டரில் அது கண்ணுக்கு 11 ஆர்க் நிமிட அளவு (ஒரு ஆர்க் நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). நல்ல பார்வை 1 ஆர்க் நிமிடத்தைப் பிரித்தறியும். அதாவது கண்ணுக்கு 11 அலகு விவரம் கிடைக்கிறது. 1920 பிக்சல் அகலத் திரையில் பார்வைக்கோணம் 90 பாகை என்றால், அதே இறக்கை திரை நடுவில் 3.2 பிக்சல்தான். நேர் எதிரே வரும் விமானத்தின் உடல் ஒரு பிக்சலில் பாதிகூட வராது. 10 கிலோமீட்டரில் இறக்கையே ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஓரங்களை மென்மையாக்கும் ஆன்டி-அலியாசிங் அதைப் பின்னணியோடு கலந்து காணாமல் அடித்துவிடும்.

ஆடுபவர்கள் இதற்குக் கண்டுபிடித்த மாற்றுவழி ஜூம். கோணத்தை 30 பாகையாகக் குறுக்கினால் அதே இறக்கை 11.8 பிக்சல் ஆகிறது. கண்ணின் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் இப்போது அவர் குழாய் வழியாக வானத்தைத் துழாவுகிறார். பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது.

வேலை செய்யும் தீர்வு, தூரத்தைப் பொறுத்து விமானத்தைச் சற்றுப் பெரிதாக வரைவது. கணக்குப்படி 3 கிலோமீட்டரில் 3.5 மடங்கு தேவை. ஆனால் அவ்வளவு பெரிதாக்கினால் அணியில் பறக்கும் விமானங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து தெரியும். 2 மடங்கோடு நிறுத்துவது நல்லது. 500 மீட்டருக்குள் பெருக்கம் சுத்தமாக 1 ஆகிவிட வேண்டும், ஏனென்றால் குறிக்கண்ணாடியில் இறக்கை அகலத்தை வைத்துத்தான் தூரத்தை மதிப்பிட வேண்டும். பெருக்கத்தை மீட்டரில் மட்டும் கணக்கிட்டால் போதாது. ஒரு பாகைக்கு எத்தனை பிக்சல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 4கே திரைக்காரருக்குப் பெருக்கம் மிகையாகும், ஜூம் செய்பவருக்கு இரட்டை லாபம். 2 பிக்சலுக்குக் குறைந்த விமானத்தை வடிவமாக வரையாமல் புள்ளியாக வரைந்து, அதன் அடர்த்தியைப் பரப்பளவு, பின்னணி, சூரியத் திசை ஆகியவற்றிலிருந்து தனியாகக் கணக்கிடுங்கள். கண்ணாடியில் வெயில் பட்டு ஒரு விநாடி மின்னுவதும் இங்கேதான் சேரும். 15 கிலோமீட்டரில் திரளைக் காட்டிக்கொடுப்பது பல சமயம் அதுதான்.

தலை திரும்புவதற்கும் எல்லை வேண்டும். ஹெட் டிராக்கிங் கருவியில் தலையை 20 பாகை அசைத்தால் காக்பிட்டில் 150 பாகை திரும்புகிறது, 6 ஜி (உடல் எடை ஆறு மடங்காகத் தோன்றும்) திருப்பத்திலும் ஆந்தைபோலத் திரும்புகிறது. 4 ஜிக்கு மேல் திரும்பும் வேகத்தைப் பாதியாக்குங்கள். வாலுக்கு நேர் பின்னால் பார்க்க உடலைச் சாய்த்தால் மட்டுமே முடிய வேண்டும்.

மற்ற விமானிகள்

இந்த ஆய்வில் அதிகப் பலன் தரும் மாற்றம் இங்கே இருக்கிறது, அதற்குப் பட விவரமே தேவையில்லை.

கணினி இயக்கும் விமானிகளுக்கு வழக்கமாக இரண்டு சலுகை கிடைக்கிறது. ஒன்று, எல்லாத் திசையும் தெரியும். இரண்டு, அவர்கள் இன்ஜின் கொதிப்பதில்லை, எரிபொருள் கணக்கு எளிமையானது, பறத்தல் இயற்பியலும் எளிமையானது. ஆடுபவரால் பின்தொடர முடியாத கோணத்தில் மேலேறிப் போவார்கள். அந்தக் கணத்தில் ஆட்டம் பொம்மையாகிவிடுகிறது. இரண்டாவதைச் சரிசெய்வது செலவு சார்ந்தது: விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடி, 90 பிரேம் விஆர் (மெய்நிகர் தலைக்கருவி) என்றால் 11.1. அதற்குள் நூறு விமானத்துக்கு முழு இயற்பியல் ஓட்டுவது கடினம். தொலைவில் இருப்பவற்றுக்குக் கணக்கிடும் வேகத்தைக் குறையுங்கள். ஆனால் இன்ஜின் வெப்பம், எரிபொருள், தோட்டா மூன்றும் ஒரே விதியில் இருக்கட்டும்.

முதலாவதற்குத் தீர்வு, ஒவ்வொரு விமானிக்கும் கவனத்தை ஒரு பட்ஜெட்டாகக் கொடுப்பது. எங்கே பார்க்கிறார், எத்தனை விநாடி, அங்கே இருக்கும் பொருளின் கோண அளவும் மாறுபாடும் எவ்வளவு என்பதிலிருந்து கண்டுபிடிக்கும் வாய்ப்பு வரட்டும். வாலுக்குக் கீழே குருட்டுப்பகுதி. சூரியனைச் சுற்றி 10 பாகைக்குள் வாய்ப்பு பூஜ்யத்தை ஒட்டி.

இதைச் செய்தவுடன் எதிர்பாராத பரிசு ஒன்று கிடைக்கிறது: அன்றைய தந்திரங்களின் வெற்றி தோல்வி தானாக வெளிவருகிறது. பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் மூன்று மூன்றாக, நெருங்கிய ‘விக்’ அணியில் பறந்தன. இரண்டாம், மூன்றாம் விமானிகள் தலைவர்மேல் மோதாமல் இருக்கவே கவனத்தின் பெரும்பகுதியைச் செலவழித்தார்கள். பட்ஜெட்டில் முக்கால்வாசியை அதற்கு ஒதுக்குங்கள். ஜெர்மானியர்கள் இருவர் இருவராக, சுமார் 200 மீட்டர் இடைவெளியில் ‘ரோட்டே’யாகப் பறந்தார்கள், இரண்டு ரோட்டே சேர்ந்தால் ‘ஷ்வார்ம்’. இடைவெளி அதிகம் என்பதால் அணிகாக்கும் செலவு குறைவு. மிச்சக் கவனம் ஒருவர் வாலை ஒருவர் பார்க்கப் போகிறது. எந்தத் தரப்புக்கும் ‘திறமை எண்’ கூட்டாமலேயே விக் அணி பின்னாலிருந்து அடிபடும். பின்னால் வளைந்து வளைந்து காவல் பறந்த ஒற்றை விமானி முதலில் காணாமல் போவார். வரலாற்றில் நடந்ததும் அதுதான்.

அதோடு ஒரு விதி: கணினி விமானிகள் வீடு திரும்ப ஆசைப்பட வேண்டும். 109இ-யின் எரிபொருள் 400 லிட்டர். லண்டனுக்கு மேலே அவர்களுக்கு இருந்த நேரம் 10 நிமிடம் போல. சிவப்பு எரிபொருள் விளக்கு எரிந்தபின்னும் கடைசி ஆள் வரை சண்டையிடும் எதிரியை யாரும் நம்புவதில்லை.

சண்டை

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜினில் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் மிதவைக் கார்புரேட்டரைப் பெரும்பாலான சிமுலேட்டர்கள் பாதிதான் சரியாகச் செய்கின்றன. மூக்கைத் திடீரென்று கீழே தள்ளி எதிர்மறை ஜி வந்தால் முதலில் எரிபொருள் பற்றாமல் இன்ஜின் தடுமாறும். அப்படியே நீடித்தால் எரிபொருள் மிகையாக வெள்ளமெடுத்துக் கறுப்புப் புகையோடு அணையும். இரண்டு கட்டம், இரண்டு ஒலி. பலரும் வெறும் ஒரு ‘கட்’ வைத்துவிடுகிறார்கள். 109-இன் டிபி 601 இன்ஜினுக்கு நேரடி எரிபொருள் உட்செலுத்தல் இருந்ததால் 109 அப்படியே மூக்கைக் குத்தித் தப்பிக்கும். ஸ்பிட்ஃபயர் விமானி பாதி உருண்டு, நேர்மறை ஜியோடுதான் பின்தொடர முடியும். ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் இதற்குத் தீர்வாகக் கண்ட சிறு துளைத் தகடு வந்தது 1941ல். 1940 ஆகஸ்ட் காட்சியில் அதைப் பொருத்தி வைப்பது காலப்பிழை.

ஸ்பிட்ஃபயரில் 8 பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா, நிமிடத்துக்கு 1,150 வேகம். மொத்தம் 15 விநாடி சொச்சம். காக்பிட்டில் எண்ணிக்கை காட்டும் கருவி கிடையாது, ஆகவே திரையிலும் வேண்டாம். தோட்டா தீரப்போவதை அறிய பெல்ட்டின் கடைசியில் ட்ரேசர் (ஒளிக்கோடு விடும் தோட்டா) வைத்துக்கொண்ட விமானிகள் உண்டு. அதை ஆயுத அமைப்பில் தெரிவாகக் கொடுங்கள். குண்டு பட்டதா என்று சொல்லும் ‘ஹிட் மார்க்கர்’ குறிக்கும் அதே விடைதான்: டி வில்ட் தீக்குண்டுகள் பட்ட இடத்தில் சிறு மின்னல் தெரியும். அதைக் கலந்தவருக்குத் தெரியட்டும்.

இறக்கைத் துப்பாக்கிகளின் சூடு ஒரு புள்ளியில் குவியும் தூரத்தை ஆடுபவரே அமைக்க விட வேண்டும். தொடக்கத்தில் 400 கஜம் என்று இருந்ததைப் பலர் 250 கஜத்துக்குக் குறைத்தார்கள். 250 கஜத்தை .303 தோட்டா கடக்க மூன்றில் ஒரு விநாடி. மணிக்கு 300 மைலில் குறுக்கே போகும் 109 அதற்குள் 40 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும், அதன் நீளத்தைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. புதியவர் சுட்டது எல்லாம் வாலுக்குப் பின்னால் போவதற்கு விளக்கம் இதுவே. அவருக்கு உதவ வேண்டுமென்றால் பயிற்சித் திடலில் உதவுங்கள், வானத்தில் குறியை இழுத்துக் கொடுக்க வேண்டாம்.

ஒலியில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. பின்னால் வரும் எதிரி இன்ஜின் சத்தம் கேட்கிறது என்று ஆடுபவர்கள் வாலைக் காக்கிறார்கள். ஆயிரம் குதிரைத்திறன் மெர்லினுக்குப் பின்னால், தோல் தலைக்கவசத்துக்குள் அப்படி எதுவும் கேட்காது. அந்த ஒலியை முற்றாக எடுத்துவிட்டு, முதல் எச்சரிக்கை உலோகத் தகட்டில் தோட்டா விழும் சத்தமாகவே இருக்கட்டும். ஒன்றைச் சேர்க்கலாம்: துப்பாக்கி வாய்களை மூடிய துணி ஒட்டுகள் முதல் சூட்டில் கிழியும், அதன்பின் இறக்கையில் காற்று விசிலடிக்கும். விமானம் திரும்பும்போதே, சுட்டதா இல்லையா என்பதைத் தரைப்பணியாளர்கள் அந்தச் சத்தத்தில் அறிந்துகொள்வார்கள்.

அடிபட்ட பின்

சேதத்தை ‘உயிர்ப் புள்ளி’களாகக் குறைத்தால் வீடு திரும்பும் பயணம் செத்துவிடும். ஸ்பிட்ஃபயரின் அமைப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. துப்பாக்கி, ஃப்ளாப் (தரையிறங்க வேகம் குறைக்கும் இறக்கைத் தகடு), பிரேக் மூன்றும் அழுத்தக் காற்றில் இயங்கின. காற்றுக்குழாயில் ஒரு தோட்டா பட்டால் இப்போது சுட முடியாது. அரை மணி கழித்து ஃப்ளாப் இறங்காமல் வேகமாகத் தரைக்கு வந்து, பிரேக் இல்லாமல் வேலியில் போய் நிற்பார். காரணமும் விளைவும் இப்படி நேரத்தால் பிரிந்திருப்பதுதான் சுவை. கிளைக்கால் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவும் அவ்வாறே: வெள்ளைத் தாரை, சில நிமிடம் இயல்பான இன்ஜின், பிறகு ஏறும் முள், பிறகு இறுகி நிற்கும் இன்ஜின். துளையின் அளவைப் பொறுத்து அந்த நிமிடங்கள் மாறட்டும். ஆடுபவர் த்ராட்டிலைக் குறைத்து நேரத்தை நீட்டுவாரா, உயரம் இருக்கும்போதே குதிப்பாரா?

கடலுக்கு மேல் குதிப்பது இந்தக் காட்சியில் நல்ல முடிவு அல்ல. 1940ல் பிரிட்டிஷ் போர்விமானிகளிடம் ரப்பர் படகு இல்லை, வாயால் ஊதும் மிதவைச் சட்டை மட்டும். ஜெர்மானியர்களிடம் படகும், தேடி மீட்க ஹெயின்கல் 59 கடல்விமானங்களும் இருந்தன. நீரில் இறங்கும் விமானி பிழைக்கும் வாய்ப்பை இரு தரப்புக்கும் வேறுவேறாக வைத்தால், ஆடுபவர் தானாகவே கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டு சண்டையிடத் தொடங்குவார்.

விமானி இறந்தால் இறந்ததுதான் என்ற விதி இதற்கெல்லாம் அடிப்படை. நடைமுறையில் அதை உடைப்பது எளிது: அடிபட்டதும் நிரலை மூடிவிடுவார்கள். ஆகவே பதிவு மேலெழும்போதே எழுதப்பட வேண்டும், நிலை ‘திரும்பவில்லை’ என்று. தரையிறங்கி இன்ஜின் நின்றால் மட்டும் அது அழியும். மின்தடையால் பாதிக்கப்படுவோருக்காக 30 விநாடிக்கு ஒருமுறை நிலைப்பதிவு எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்தே தொடர வழி செய்யுங்கள். அடிபட்ட விமானம் அடிபட்டபடியே காத்திருக்கும்.

அறிக்கை

தரையிறங்கியதும் ‘வீழ்த்தியவை: 3’ என்று திரை சொன்னால் முழு மணி நேரமும் வீண். அன்று விமானி உளவுப்பிரிவு அதிகாரியிடம் தான் கண்டதைச் சொன்னார். அழிந்தது, அழிந்திருக்கலாம், சேதம் என்று மூன்று வகையாகப் பதியப்பட்டது. 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டிஷ் தரப்பு 185 விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. ஜெர்மன் இழப்பு உண்மையில் 60ஐ ஒட்டி. பொய்யால் அல்ல, ஒரே விமானத்தை மூவர் சுட்டு மூவரும் தனதென்று நம்பியதால். சிமுலேட்டரிலும் ஆடுபவர் படிவத்தை நிரப்பட்டும்: நேரம், இடம், உயரம், எங்கே சுட்டார், என்ன கண்டார். கணினி தோழர்களும் தங்கள் கவனப் பட்ஜெட்டில் கண்டதை மட்டும் எழுதட்டும். அவர்களும் அதே விமானத்துக்கு உரிமை கோரட்டும்.

வெளியிலிருந்து படம்பிடித்த ரீப்ளேயை என்ன செய்வது என்பதில் எங்கள் பரிந்துரை கறாரானது. படிவம் சமர்ப்பித்து, பல பறப்புகள் கொண்ட ஆட்டத் தொடரில் (கேம்பெய்ன்) அந்த மாதம் முடியும்வரை அது பூட்டியே இருக்கட்டும். பிறகு திறந்து, அவர் கோரியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். கணக்கில் ஏறிய எண்ணைத் திருத்த வேண்டாம்.